க்ளக்ஸ்டனின் 9 பதக்கமும் 2011 ஃப்ரீ கிக்கும்

பச்சைமஞ்சள்: "அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில், அகில அயர்லாந்துக் கோப்பைப் பதக்கம் 9 வாங்கிய டப்ளின் ஸ்டீபன் க்ளக்ஸ்டனைவிடப் பெரிய ஆட்டக்காரர் பிறக்கவில்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கோல்கீப்பரய்யா அவர்! 2011 இறுதி ஆட்டத்தில் எங்கள் கெர்ரிக்கு எதிராகக் கடைசியில் அந்த ஃப்ரீ கிக் கிடைக்காவிட்டால் இன்றைக்கு இந்தப் பேச்சே கிடையாது. அது ஃபவுலே இல்லை.

நீலச்சட்டை: வந்துவிட்டார். ஏழு நிமிடம்போல மிச்சம் இருக்கும்போது 4 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டது கெர்ரி. எங்கள் மெக்மேனமன் கோல் போட்டபோது உங்கள் தடுப்பாட்டக்காரர்களின் காலை நடுவரா பிடித்துக்கொண்டிருந்தார்? உங்கள் டோனகி சமன் செய்தார், சரி. அப்புறம் க்ளக்ஸ்டன் தன் கோலை விட்டு அவ்வளவு தூரம் வந்து, பந்தைத் தரையில் வைத்து, இடது காலால் கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பி ஒரு புள்ளி எடுத்துவிட்டு, கொண்டாடக்கூட நிற்காமல் கோலுக்கே ஓடினார். டப்ளின் 1-12, கெர்ரி 1-11 (முதல் எண் கோல், ஒன்றுக்கு 3 புள்ளி; அடுத்த எண் ஒற்றைப் புள்ளிகள்). டப்ளினுக்கு 1995க்குப் பிறகு முதல் கோப்பை.

பச்சைமஞ்சள்: ஃபவுல் இல்லை என்றேன். அதற்குப் பதில் எங்கே?

ஓரத்திலிருந்து: 9 பதக்கம் அவருக்கு மட்டுமா? டப்ளினின் ஃபிட்ஸிமன்ஸ், ஜேம்ஸ் மெக்கார்த்தி இருவரும் 2023ல் அவரோடு சேர்ந்துதான் 9 தொட்டார்கள்.

பச்சைமஞ்சள்: அப்படிக் கேளுங்கள்! எங்கள் ஸ்பிலேனும் பாடி ஓ ஷேயும் 1975–86ல் 8 வாங்கியபோது ஓர் ஆட்டம் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். 2001லிருந்து பெரும்பாலான வருடங்களில் தோற்றவருக்கும் கொல்லைவாசல் திறந்திருக்கிறது.

நீலச்சட்டை: அந்த 9 வருடமும் டப்ளின் லென்ஸ்டர் மாகாணப் பட்டத்தோடு முன்வாசல் வழியாகத்தான் வந்தது. 2009ல் கொல்லைவாசலில் நுழைந்து கோப்பை தூக்கியது யார் சார்?

பச்சைமஞ்சள்: அதே 2009 காலிறுதியில் எங்களிடம் 1-24க்கு 1-7 என்று உதை வாங்கினீர்களே, அன்று கோலில் நின்ற மகான் யார்?

ஓரத்திலிருந்து: 2019 இறுதி ஆட்டத்தில் கெர்ரியின் கீனி அடித்த பெனால்டியைத் தடுத்தாரே, அதே மகான்தான். அந்த வருடம் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

பச்சைமஞ்சள்: தம்பி, நடுநிலை என்று சொல்லிக்கொண்டு ஹர்லிங் மட்டையாட்ட விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் கட்சி மாறினீர்கள், மறக்கவில்லை. விருதைப் பற்றி யார் கேட்டது? 2011 ஃபவுலைப் பற்றிப் பேசுங்கள்.

நீலச்சட்டை: நடுவர் ஊதினார், அவர் அடித்தார். இதில் பேச என்ன இருக்கிறது?

பச்சைமஞ்சள்: ஊதியதுதான் தப்பு என்கிறேன்.