ஒன்பது வண்டிக்கு மலைப்பாதை பார்த்து வைப்பது எப்படி? (ராயக்கோட்டை – பாலக்கோடு)

ஓசூர்_ஜிம்னி:
வணக்கம். பொங்கல் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வண்டி சேர்ந்து ஒருநாள் ஆஃப்ரோடு (ரோடு இல்லாத மண், பாறைப் பாதையில்) போகிறோம். நான்கு மகிந்திரா தார், மூன்று மாருதி ஜிம்னி, ஒரு ஜிப்ஸி, ஒரு பொலிரோ. பொலிரோவில் ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை) கிடையாது. காலையில் ராயக்கோட்டையில் கிளம்பி இருட்டுவதற்குள் பாலக்கோட்டில் இறங்க வேண்டும். சாட்டிலைட் படத்தில் அஞ்செட்டி, உரிகம் பக்கம் மேலகிரிக்குள் நல்ல மண்பாதைகள் தெரிகின்றன. இரண்டு வாரம் முன்னதாக ஒரு வண்டியில் போய்ப் பார்த்து வர எண்ணம். என்னென்ன பார்க்க வேண்டும்? 40 கிலோமீட்டர் மண்பாதை ஒரு நாளில் முடியுமா?

தகடூர் டீசல்:
மேலகிரியை முதலில் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயம் என்று அந்தப் பக்கம் பெரும்பகுதி சரணாலயமாகிவிட்டது. சரணாலயம் இல்லாத இடத்திலும், காப்புக்காடு என்றால் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். தேன்கனிக்கோட்டை – அஞ்செட்டி – ஒகேனக்கல் பொதுச்சாலையில் போகலாம், ஆனால் தார்ச்சாலையை விட்டு டயர் இறங்கக் கூடாது.

நீங்கள் தேட வேண்டியது வருவாய் நிலத்தில் உள்ள பாதை. தமிழ்நாடு அரசின் இணைய சேவைப் பக்கத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேடு (நிலம் எந்த வகை என்று காட்டும் பதிவேடு) பாருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் நிம்மதி. பட்டா நிலமென்றால் அது மாந்தோப்புக்காரர் தன் டிராக்டருக்குப் போட்ட தடம். அவரை நேரில் பார்த்து, எந்தத் தேதி, எத்தனை வண்டி என்று சொல்லிக் கேட்க வேண்டும். 'ஒரு நாலு வண்டி வரும்' என்று சொல்லிவிட்டு ஒன்பதோடு போனால் அடுத்த முறை வரப்பில் முள் கிடக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற ஒருவர் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ராகிக்கு இறங்கும் யானைக் கூட்டம் ஜனவரியிலும் இந்தப் பக்கம் நிற்கும். கிளம்பும் அன்று காலை வனச்சரக அலுவலகத்தில் எங்கே நிற்கிறது என்று கேட்டுவிடுங்கள். காட்டோரப் பகுதியை மாலை 4 மணிக்குள் கடந்துவிடுவது போல நேரம் போடுங்கள்.

கருங்கல்_4×4:
பார்வையிடப் போகிறவர்கள் செய்கிற தவறு, தன் வண்டி ஏறிவிட்டால் பாதை சரி என்று எழுதிக்கொள்வது. பாதையைக் கெடுப்பது முதல் நான்கு வண்டிகள், மாட்டுவது எட்டாவதும் ஒன்பதாவதும். ஓடைக் கரையைப் பாருங்கள். ஒவ்வொரு வண்டியும் டயரிலும் அடிப்பகுதியிலும் தண்ணீரை அள்ளிவந்து ஏறும் கரையில் ஊற்றிவிட்டுப் போகும். செம்மண் கரை மூன்றாவது வண்டிக்கு ஈரம், ஆறாவதுக்கு சோப்பு. அதனால் பார்வையிடும்போதே நாலு குடம் தண்ணீரை அந்த ஏற்றத்தில் ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மேலே வழுக்கி அடியில் சரளை தட்டினால் போகலாம். குதிகால் புதைந்தால் வேறு கரை தேடுங்கள்.

மேடு முதுகில் தாருக்கு முன்பே ஜிம்னி வயிறு தட்டும். மூன்று கதவு தாரின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம்) 2450 மில்லிமீட்டர், ஐந்து கதவு ஜிம்னியுடையது 2590. மேடு கடக்கும் கோணம் தாருக்கு 27 டிகிரி, ஜிம்னிக்கு 24. மாறாக, இரண்டு பாறைக்கு நடுவே தார்தான் சிக்கும்: அதன் அகலம் 1820, ஜிம்னி 1645. கையில் ஒரு டேப் இருக்கட்டும்.

சரிவை மேப்பை நம்பிக் கணக்கிடாதீர்கள். 100 மீட்டர் தூரத்தில் 25 மீட்டர் உயரம் என்றால் சராசரி 14 டிகிரி. நடுவே பத்து மீட்டர் மட்டும் 25 டிகிரியாக நிற்பதை 30 மீட்டர் கட்டத்தில் எடுத்த உயரத் தரவு காட்டாது. இறங்கி நடந்து, போனில் கோணம் அளந்து, அந்த இடத்தை ஜி.பி.எக்ஸ் தடத்தில் (ஜி.பி.எஸ் பதிந்த வழிக் கோப்பில்) குறியுங்கள். கூடவே வண்டி திருப்ப இடம், டவர் கிடைக்கும் இடம், ஒதுங்கி நிற்க இடம்.

40 கிலோமீட்டர் வேண்டாம், 18 போதும். ஒரு தடைக்கு வண்டிக்கு 5 நிமிடம் என்றாலே ஒன்பதுக்கு 45 நிமிடம். அப்படி ஆறு இடம் இருந்தால் நாலரை மணி நேரம் அதிலேயே போய்விடும். பொலிரோவை மூன்றாவதாக விடுங்கள். பாதை குழையும் முன் கடந்துவிடும், முன்னும் பின்னும் இழுக்கத் தார் இருக்கும்.

மாந்தோப்பு:
விவசாயப் பக்கத்திலிருந்து மூன்று விஷயம். பாதையின் குறுக்கே போகும் சொட்டுநீர்க் குழாய்கள் பல இடத்தில் ஒரு சாண் ஆழத்தில்கூட இருக்காது. டிராக்டர் தாங்கும் என்று சொல்வார்கள், ஆனால் ஒரே பள்ளத்தில் ஒன்பது வண்டி உரசினால் மண் விலகிக் குழாய் வெளியே வந்துவிடும். இரண்டு பலகை கொண்டுபோய்ப் போட்டுக் கடந்து போங்கள்.

அடுத்தது கொள்ளு. அந்த நேரத்தில் செடியோடு ரோட்டில் பரப்பியிருப்பார்கள். சுற்றிப் போக வழியில்லாமல் மேலே ஏறினால் கொடி அடியில் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சுற்றும், சைலன்சருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே திணியும். டீசல் தாரில் டி.பி.எஃப் (புகைக்கரி வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேறும், காய்ந்த கொள்ளு அதில் பற்றிக்கொள்ளும். கடந்ததும் 50 மீட்டரில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். வளைந்த கம்பியால் இழுத்து, கத்தியால் அறுத்து எடுங்கள். வண்டிக்கு ஒரு தீயணைப்பான் கட்டாயம்.

மூன்றாவது, வழியில் உள்ள ஊர்களில் எருது விடும் விழா தேதி. அன்று அந்தத் தெரு அடைத்திருக்கும்.

ஓசூர்_ஜிம்னி:
மிக்க நன்றி. மேலகிரியை விட்டாயிற்று, வருவாய் நிலப் பாதைகளையே பார்க்கிறேன். டயர் காற்று எவ்வளவு வைக்கலாம்?

கருங்கல்_4×4:
மண்பாதைக்கு 20 பி.எஸ்.ஐ. பாறையில் 18, அதற்குக் கீழே போகாதீர்கள். சாதாரண ரிம்மில் டயர் கழன்றுவிடும். கருவேல முள் அதிகம், எனவே பஞ்சர் கிட்டில் குறைந்தது 20 பிளக் இருக்கட்டும். கம்ப்ரசர் இரண்டு வேண்டும். ஒன்றை வைத்து ஒன்பது வண்டிக்கு 36 டயர் நிரப்புவதற்குள் இருட்டிவிடும்.