'டிஸ்பாரிட்டி'க்கு ஏற்றத்தாழ்வு சரியா? கொலஸ்ட்ரால் கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,

அமெரிக்காவில் கொலஸ்ட்ரால் சிகிச்சை இனத்துக்கு இனம் எப்படி மாறுகிறது என்பது பற்றிய கட்டுரை தமிழாகிறது. டிஸ்பாரிட்டி (disparity) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் வரைவில் 'ஏற்றத்தாழ்வு' இருக்கிறது. சமூகவியலில் அது நல்ல சொல்தான். ஆனால் 'கொலஸ்ட்ரால் சிகிச்சையில் ஏற்றத்தாழ்வு' என்று தலைப்பு வைத்தால், மாத்திரை சாப்பிடும்போது எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறி இறங்குவதைப் பற்றித்தான் கட்டுரை என்று படிப்பவர் நினைப்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம் என எண்ணில் அளக்கிற எதற்கும் இதே தொல்லைதான். பேசாமல் 'வேறுபாடு' என்றே போட்டுவிடலாமா?

செ.ம.

---

> பேசாமல் 'வேறுபாடு' என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. ஒரே கட்டுரையில் மூன்று வேறு சங்கதிகள் வரும். மூன்றுமே வேறுபாடுதான்.

ஒன்று, உடல் சார்ந்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டினை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்தாலும் ரத்தத்தில் சேரும் அளவு ஒன்றாக இருப்பதில்லை. சிங்கப்பூரில் வாழ்பவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வெள்ளையரோடு ஒப்பிட்டால் சீனருக்கு 2.3 மடங்கு, மலாய்க்காரருக்கு 1.9, இந்தியருக்கு 1.6. உடலுக்குள் மருந்தைக் கடத்தும் புரதங்களின் மரபணு மாறுபாடும் இதற்கு ஒரு காரணமாகலாம். அதனால்தான் 2005-இல், ஆசியருக்கு 5 மி.கி.யில் தொடங்கலாம் என்ற குறிப்பை அமெரிக்க மருந்து விவரத்தாளில் சேர்த்தார்கள். அப்படிக் குறைத்து எழுதும் மருத்துவர் எவருக்கும் குறை வைக்கவில்லை.

இரண்டு, தேவை ஒன்றாக இருந்தும் கிடைப்பது வேறாக இருப்பது. 2015-இல் அமெரிக்காவில் திரட்டிய பால்ம் எனும் நோயாளிப் பதிவேட்டில், ஸ்டாட்டின் தேவைப்பட்டவர்களில் சிகிச்சை வழிகாட்டி சொன்ன வீரியத்தில் அதைப் பெற்றவர்கள் வெள்ளையரில் 43.9 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 33.3. நாம் சொல் தேடுவது இதற்குத்தான்.

மூன்று, சிகிச்சை தருபவரே இனம் பார்த்து நடத்துவது. அதற்குப் 'பாகுபாடு' இருக்கிறது. மூன்றாவது, இரண்டாவதற்கு ஒரு காரணமாகலாம், இரண்டும் ஒன்றல்ல.

அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசினின், 2003-இல் நூலாக வந்த அறிக்கையும் இந்தக் கோட்டைத்தான் போட்டது: மருத்துவத் தேவை, நோயாளியின் விருப்பம், சிகிச்சையை எட்டும் வசதி ஆகியவற்றைக் கழித்த பிறகும் தரத்தில் மிஞ்சுவதே டிஸ்பாரிட்டி. காப்பீடு இல்லாததால் வருவதையும் சேர்த்தே எண்ணுகிறவர்கள் உண்டு. ஆகவே, எதைக் கழித்தோம் என்று கட்டுரை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

மரு. இரா.

---

சொல் நம் வீட்டுக் கூடத்திலேயே கிடக்கிறதே! ஒரு இலைக்கு நெய்யும் பருப்பும், பக்கத்து இலைக்கு வெறும் ரசமும் விழுந்தால் 'பந்திவஞ்சனை' என்போம். பந்தி ஒன்று, பசி ஒன்று, பரிமாறியது வேறு. 'சிகிச்சைப் பந்திவஞ்சனை' என்று வைக்கலாமே.

கு.வை.

---

அன்பின் கு.வை.,

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வஞ்சனை என்றால் வஞ்சித்தவர் ஒருவர் வேண்டும். பதிவேட்டு எண் யாரையும் கைகாட்டுவதில்லை. அதே பால்ம் பதிவேட்டில், ஸ்டாட்டின் பாதுகாப்பானது என்று நம்பியவர்கள் கறுப்பினத்தவரில் 36.2 விழுக்காடு, வெள்ளையரில் 57.3. மருந்துச் சீட்டோடு இந்த அவநம்பிக்கையும் சேர்ந்துதான் அந்த இடைவெளி உண்டாகிறது.

இன்னொன்று, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கணிக்கும் கணிப்பான். 2013-இல் வந்த பத்தாண்டு அபாயச் சமன்பாட்டில் வெள்ளையர், கறுப்பினத்தவர் என இரண்டே கட்டங்கள். தெற்காசியர் வெள்ளையர் கட்டத்தில்தான் உட்கார வேண்டும். அங்கே அவர்களின் அபாயம் குறைவாகவே தெரியும். 7.5 விழுக்காட்டுக்குக் கீழே விழுந்தால் மாத்திரைப் பேச்சே எழாமல் போகலாம். 2018 வழிகாட்டி தெற்காசிய வம்சாவளியை அபாயம் கூட்டும் காரணியாகச் சேர்த்ததும், 2023-இல் வந்த பிரிவென்ட் சமன்பாடு இனத்தையே நீக்கியதும் இந்தச் சிக்கலின் தொடர்ச்சிதான். இதில் பரிமாறியவர் யார், சமன்பாடா?

'சிகிச்சை இடைவெளி'யும் உதவாது. தேவைப்படுவோர் எத்தனை, பெறுவோர் எத்தனை என்ற பொதுக் கணக்குக்கு அது ஏற்கெனவே புழங்குகிறது.

என் முன்மொழிவு: தகாவேறுபாடு. தீராநோய், வாடாமல்லி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இருந்திருக்கக் கூடாத வேறுபாடு என்று பொருள் தரும். யார் செய்தது என்று சொல்லாது. சொற்றொடரில் வைத்துப் பாருங்கள்: "வயது, சர்க்கரை நோய், காப்பீடு ஆகியவற்றைச் சரிக்கட்டிய பிறகும் தகாவேறுபாடு மறையவில்லை." ரோசுவாஸ்டாட்டின் அளவுக்கு இதைப் போட்டால் உடனே உறுத்தும். உறுத்த வேண்டும், அதுதான் சோதனை.

நா.

---

> தகாவேறுபாடு

'தகாத உறவு' என்று செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைப் படுத்திய பாட்டில் கொஞ்சம் வாடை அடிக்கிறது. இரண்டு கட்டுரை படித்தால் போய்விடும் என்று நினைக்கிறேன். இலக்கணத்தில் குறையில்லை.

ஒரே ஒரு திருத்தம்: எதையும் கழிக்காத பச்சை எண்கள் இருக்கும் அட்டவணைக்குத் தலைப்பு 'வேறுபாடு' என்றே இருக்கட்டும். கழித்த பிறகு மிஞ்சினால் மட்டும் 'தகா' சேரட்டும்.

மரு. இரா.

---

அப்படியே மாற்றுகிறேன். தலைப்பு: 'கொலஸ்ட்ரால் சிகிச்சையில் இனவாரித் தகாவேறுபாடு'. பந்திவஞ்சனையைக் கைவிட மனமில்லை. முன்னுரையில் உவமையாக ஒரு வரி வருகிறது.

இனி 'இனவாரி' பற்றி. ஹிஸ்பானியரா (ஸ்பானிய மொழி, பண்பாட்டு வழியினரா) என்பதை அமெரிக்கக் கூட்டரசுப் படிவங்கள் இனத்திலிருந்து பிரித்துத் தனிக் கேள்வியாகக் கேட்டு வந்தன. 2024-இல்தான் இரண்டையும் ஒரே கேள்வியாக்க விதி மாறியது. கட்டுரையின் தரவு அதற்கு முந்தியது. 'இனம்' ஒன்றே இரண்டையும் தாங்குமா, 'இனக்குழு' தனியே வேண்டுமா? புது இழை தொடங்குகிறேன்.

செ.ம.