ஓய்வுக்காலத்துக்கு ஆண்டுச் செலவில் 25 மடங்கு போதுமா?

ஓய்வுக்கு எவ்வளவு சேமிக்கணும் என்று எளிய கணக்கு, கூட்டுவட்டி, நடுவழி என்ற புனைபெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள். 25 மடங்கு போதாது என்பவர்களுக்கு முதலாமவரின் பதிலோடு தொடங்குகிறது.

எளிய கணக்கு:
வேலையை விட்டபின் வருடத்துக்கு எவ்வளவு செலவாகும்னு பாருங்க, 25-ஆல் பெருக்குங்க, அவ்வளவு சேமிப்பு போதும். முதல் வருடம் அந்தச் சேமிப்பில் 4% எடுக்கணும், அப்புறம் விலைவாசி ஏறுற அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கலாம். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் அமெரிக்கச் சந்தையின் பழைய தரவுகளை வைத்துப் பார்த்தது இது. மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் 30 வருடம் தாங்கியது. இதுக்கு மேல சொல்லி ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க.

கூட்டுவட்டி:
பெங்கன் சேமிப்பில் பாதி முதல் முக்கால்வாசி வரை பங்குச்சந்தையில் இருப்பதாக வைத்துக்கொண்டார். வரியையும் கழிக்கவில்லை. டெபாசிட்டில் மட்டும் பணம் வைப்பவருக்கு அந்த 25 எப்படிப் பொருந்தும்?

வட்டி 8%, விலைவாசி ஏற்றம் 6%, காலம் 30 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வரியே இல்லை என்றால் 23 மடங்கு போதும். வட்டியில் 20% வரி போனால் கையில் நிற்பது 6.4%. விலைவாசியைத் தாண்டி மிஞ்சுவது 0.4% கூட இல்லை. இப்போது தேவை 28 மடங்குக்குச் சற்று மேல். வரி ஒன்றே 5 மடங்கைத் தின்றுவிடுகிறது.

எளிய கணக்கு:
சரி, ஆனா பென்ஷன் வர்றவங்களுக்கு? செலவு 100, பென்ஷன் 40 என்றால் மீதி 60-க்குத்தானே சேர்க்கணும்? உங்க 28-ஐயே வைத்தாலும் 1,680-தான் வருது.

கூட்டுவட்டி:
பலர் கவிழ்வது இங்கேதான். அந்த 40 விலைவாசியோடு ஏறுமா, அப்படியே நிற்குமா? நின்றால் 6% ஏற்றத்தில் 12 வருடத்தில் அதன் மதிப்பு பாதி, 24 வருடத்தில் கால்வாசி. அதே 6.4%-இல் கணக்கிட்டால், 30 வருடம் வரும் ஏறாத பென்ஷனின் இன்றைய மதிப்பு, அதாவது அதற்கு ஈடாக இன்று கையில் இருக்கவேண்டிய தொகை, வருடப் பென்ஷனில் சுமார் 14 மடங்குதான். ஆக 100 × 28-இலிருந்து 40 × 14-ஐக் கழிக்கணும்: 2,800 − 560 = 2,240. நீங்க சொன்னதில் 560 குறையுது. ஏறும் பென்ஷன் என்றால் உங்க 1,680 சரி.

நடுவழி:
இருவருமே விட்டது, எந்தச் செலவைப் பெருக்குவது என்பது. ஓய்வுக்கு இன்னும் 20 வருடம் இருந்தால் இன்றைய செலவு 6% ஏற்றத்தில் 3.2 மடங்காகிவிடும். அன்றைய பணத்தில் பார்த்தால் 25 மடங்கு என்பது இன்றைய செலவில் 80 மடங்கு.

செலவை மனக்கணக்கில் போடாதீங்க. 12 மாத வங்கிக் கணக்குப் பட்டியலை எடுத்து வரிவரியாகப் பாருங்க. கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு, சேமிப்புக்குப் போவது எல்லாம் கழியும். பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் வாகனம், வீட்டுப் பழுது போன்றவற்றை வருடத்துக்கு வகுத்துச் சேர்க்கணும். எல்லாரும் மறப்பது இதைத்தான். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் வயதோடு ஏறும், அதைச் செலவுப் பட்டியலில் தனியாக எழுதுங்க. குடியிருக்கும் வீட்டைச் சேமிப்பில் சேர்க்காதீங்க. விற்றால் தவிர அது சோறு போடாது.

எளிய கணக்கு:
செலவுப் பட்டியல் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா டெபாசிட்டில் மட்டும் வைத்தால் 28 ஆகுதுன்னா, பங்கிலும் கொஞ்சம் வைங்க. சராசரி வருமானம் கூடினால் மடங்கு தானா குறையும்.

கூட்டுவட்டி:
சராசரி மட்டும் பார்த்தால் போதாது, வரிசையும் முக்கியம். 100 இருக்கு, வருடத் தொடக்கத்தில் 4 எடுக்கறீங்க. முதல் வருடம் சந்தை பாதியாகி, அடுத்த வருடம் இரட்டிப்பானால்: 96, 48, எடுத்தபின் 44, கடைசியில் 88. முதலில் இரட்டிப்பு, பிறகு பாதி என்றால் 94. பணம் எடுக்காமல் இருந்தால் இரண்டிலும் அதே 100. விழுந்த விலையில் விற்ற பங்கு திரும்பி வராது. அதனால 2, 3 வருடச் செலவை டெபாசிட்டில் தனியாக வைத்து, சந்தை விழுந்தால் அதிலிருந்து எடுக்கணும்.

எளிய கணக்கு:
அதோட, விழுந்த வருடத்தில் விலைவாசிக்காகக் கூட்டறதை நிறுத்தலாமே. பயணம், பரிசு மாதிரிச் செலவைத் தள்ளிப்போட முடிஞ்சா 25 தாங்கும்.

கூட்டுவட்டி:
தள்ளிப்போடக்கூடிய செலவு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. செலவில் 30% அப்படி இருந்தால் நானும் 25-க்கு வருவேன். மருந்தும் சாப்பாடும் வாடகையுமே முழுச் செலவு என்றால் 28-க்குக் கீழே இறங்கமாட்டேன்.