ஈடி எடிட்டரில் மாட்டிக்கிட்டேன், எதைத் தட்டினாலும் ? மட்டும்தான் வருது

கருந்திரை: பழைய டேட்டா டிஸ்க்கைக் கழற்றிட்டு ஆன் பண்ணினா லினக்ஸ் எமர்ஜென்சி மோடில் நிக்குது. எஃப்எஸ்டேப் ஃபைலில் (பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்கணும்னு சொல்ற பட்டியல்) அந்த டிஸ்க்கோட வரியை முடக்கணும். எடிட்டர்ல நேனோவும் இல்ல, விஐயும் இல்ல, ஈடி மட்டும் இருக்கு. திறந்ததும் 612-ன்னு காட்டுச்சு. ஹெல்ப், எக்ஸிட் எல்லாத்துக்கும் ?. என்னென்னவோ தட்டினதுல இப்போ அந்த ? கூட வரல.

பழையமுனையம்: ? நின்னுடுச்சுன்னா நீங்க எழுதும் மோடுக்குள்ள போயிட்டீங்க தம்பி. தட்டுறதெல்லாம் ஃபைலுக்குள்ள வரியா விழுந்துட்டிருக்கு. தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வச்சு என்டர் தட்டுங்க, வெளிய வந்துடும். அடுத்து பெரிய க்யூ: எதையும் சேமிக்காம மூடிடும். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல.

மறுபடி திறந்து, முதல்ல பெரிய எச் தட்டுங்க. இனி ஒவ்வொரு ?-க்கும் காரணம் சொல்லும். கமாவும் சின்ன ‘என்’ எழுத்தும் சேர்த்து அடிச்சா வரி எண்ணோட முழு ஃபைலும் வரும். உங்க வரி எத்தனாவதுன்னு பாருங்க.

கருந்திரை: வந்துட்டேன் அண்ணே! 7-வது வரி.

பழையமுனையம்: 7-ஐ ஒட்டினாப்ல சின்ன எஸ், அப்புறம் /^/#/. இடைவெளி வேணாம். 7-வது வரித் தொடக்கத்தில் # ஏறிடும், அப்புறம் அந்த வரி வெறும் கமென்ட் (குறிப்பு), சிஸ்டம் அதைக் கண்டுக்காது. சின்ன டபிள்யூ போட்டா சேமிச்சு 613 காட்டணும். அந்த எண் பைட் கணக்கு, ஒரு # கூடியிருக்கு இல்லையா.

பைட்டுக்காரி: கமென்ட்டைத் தமிழில் எழுதினா இந்தக் கணக்கு குழப்பும். யுடிஎஃப்-8-ல் ‘அம்மா’ 15 பைட், வரி முடிவோட 16.

கருந்திரை: டபிள்யூ போட்டா ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’னு திட்டுது. மாத்தினது போச்சா?

பழையமுனையம்: போகல, மெமரியில் இருக்கு. வெளிய வராதீங்க. ஈடிக்குள்ள ! போட்டு ஷெல் கட்டளை கொடுக்கலாம். ! அடிச்சு, மவுன்ட் கட்டளையை ரீமவுன்ட், ஆர்டபிள்யூ ஆப்ஷனோட (எழுதவும் அனுமதிச்சு மறுபடி இணைக்கிறது) ரூட்டுக்கு (/) கொடுங்க. பிறகு டபிள்யூ.

கருந்திரை: 613! ரீபூட் ஆகி லாகின் வந்துடுச்சு. ஆனா இவ்வளவு ஊமையா ஒரு எடிட்டரை யார் எழுதினது?

பழையமுனையம்: கென் தாம்சன், 1969, பெல் லேப்ஸ். அப்போ திரை கிடையாது, டெலிடைப்னு தட்டச்சு மெஷின் மாதிரி ஒண்ணு காகிதத்தில் அடிக்கும். அதுல மாடல் 33-ன்னா நொடிக்கு 10 எழுத்து. உங்க 612 பைட்டைக் காட்டவே ஒரு நிமிஷம் ஆகும். அந்த வேகத்துக்கு ? போதும்னு விட்டது நியாயம்தான். இப்பவும் அப்படியே வச்சிருக்கிறது கொஞ்சம் பிடிவாதம்.

பைட்டுக்காரி: அந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டுற எண்ணம் இருந்தா, #-ஐ எடுத்துட்டு ஆப்ஷன் பத்தியில் நோஃபெயில் சேருங்க. டிஸ்க் இல்லேன்னாலும் பூட் நிக்காது.