நகத்துக்கு 0.00, ஒளிக்கு ###### வருகிறது, எங்கே பிழை?

வெள்ளவத்தை அம்மா:
வணக்கம். மகள் தரம் 9. பாடசாலைக் கண்காட்சிக்கு, மெதுவாகப் போவதில் இருந்து வேகமாகப் போவது வரை ஒரு அட்டவணை செய்கிறாள். எல்லாம் மணிக்குக் கிலோமீற்றரில் வேண்டுமாம். எக்செலில் போட்டுக் கொடுத்தேன். நடை 5.00, ஒலி 1,234.80 என்று ஒழுங்காக வந்தன. விரல் நகம் மாதத்துக்கு 3.5 மி.மீ. வளரும் என்று போட்டால் 0.00. ஒளிக்கு வெறும் ######. "அம்மா, நகம் வளரவே இல்லையாம், ஒளிக்கு வேலி அடைச்சிருக்கு" என்று சிரிக்கிறாள். நாளை மறுநாள் கொடுக்கவேண்டும். நான் போட்டவை:

நகம்: =3.5/1000/30/24
ஒளி: =299792.458*3600

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
ஒளியில் பிழை இல்லை அக்கா. எண் நீளம், நிரல் ஒடுக்கம், அவ்வளவுதான். நிரலின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலமாக்குங்கள், 1,079,252,848.80 என்று வரும். நகத்துக்கு இரண்டு தசமதானம் மட்டும் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் பூச்சியம். அந்தச் செல்லின் ஃபோமட்டை சயன்டிஃபிக் என்று மாற்றிப் பாருங்கள்.

வெள்ளவத்தை அம்மா:
வேலி போய்விட்டது, நன்றி தம்பி! நகத்துக்கு 4.86, பக்கத்தில் ஈ மைனஸ் 06 என்று வருகிறது. 4.86 × 10⁻⁶ என்று எழுதிவிடட்டுமா?

தெஹிவளை மாஸ்டர்:
எழுதவேண்டாம் தங்கச்சி, பொறுங்கள். விடையைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள். மாதத்துக்கு 720 மணி. 4.86 × 10⁻⁶ஐ 720ஆல் பெருக்கினால் 0.0035 கிலோமீற்றர், அதாவது மூன்றரை மீற்றர். மாதம் மூன்றரை மீற்றர் நகம் வளர்ந்தால் பிள்ளை பேனை பிடிப்பது எப்படி?

1000ஆல் வகுத்ததும் மி.மீ. மீற்றராகத்தான் மாறியது. கிலோமீற்றராக்க இன்னொரு 1000 வேண்டும். சரியான விடை 4.86 × 10⁻⁹. இந்தப் பிழை முதலிலேயே இருந்தது, 0.00 அதை மூடி மறைத்துவிட்டது. எனக்கு ஃபோமட்டை விட அதுதான் பயம்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, முதலில் எல்லாவற்றையும் செக்கனுக்கு மீற்றருக்குக் கொண்டுவாருங்கள், கடைசியில் 3.6ஆல் பெருக்கி மணிக்குக் கிலோமீற்றராக்குங்கள். மாதத்துக்கு 2,592,000 செக்கன். நகம் செக்கனுக்கு 1.35 × 10⁻⁹ மீற்றர், அதாவது 1.35 நானோமீற்றர். இப்படிச் சொன்னால் பூச்சியங்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
ஐயோ, நான் சூத்திரத்தைப் பார்க்கவே இல்லை. மாஸ்டர் சொல்வது சரி. மாதத்துக்கு 30 நாளா 30.44 நாளா என்று யாராவது சண்டைக்கு வந்தால் விட்டுவிடுங்கள். 3.5 என்பதே சராசரி, ஆளுக்கு ஆள் மாறும். 4.9 × 10⁻⁹ என்று எழுதினால் போதும்.

வெள்ளவத்தை அம்மா:
விளங்கிவிட்டது. மகள் இப்போது ஆண்டுக்கு 5 செ.மீ. என்று இந்தியக் கண்டத்தட்டையும் சேர்த்திருக்கிறாள், நாங்கள் இருப்பதும் அதன்மேல்தானாம். எல்லாவற்றையும் பட்டை வரைபாகப் போட்டால் ஒளி மட்டும் நிற்கிறது, மற்றவை தரையோடு தரை.

தெஹிவளை மாஸ்டர்:
நகத்துக்கு 1 மி.மீ. பட்டை என்றால் ஒளியின் பட்டை சூரியனுக்குள்ள தூரத்தைப்போல் சுமார் 1,480 மடங்கு வரும். அதற்குப் பிறிஸ்டல் போட் கிடையாது. மடக்கை அளவிடையில் கையால் கீறச் சொல்லுங்கள். அடியில் 10⁻¹⁰ மீற்றர்/செக்கன், பத்து மடங்கு கூடும் ஒவ்வொரு முறையும் 3 செ.மீ. மேலே. நகம் 3.4 செ.மீ., நடப்பவர் 30, ஒளி 55. ஒரே போட்டில் அடங்கும், நடப்பவரும் ஏறத்தாழ நடுவில் வருவார்.

இடம் இருந்தால் சுனாமியும் போடலாம். கடல் 4,000 மீற்றர் ஆழமான இடத்தில், ஆழத்தைப் புவியீர்ப்பு 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் செக்கனுக்குச் சுமார் 198 மீற்றர், மணிக்கு 713 கி.மீ. கரைக்குக் கிட்ட ஆழம் குறைய வேகமும் குறையும். 2004ஐக் கண்ட ஊரில் அந்தப் பட்டைக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள்.

வெள்ளவத்தை அம்மா:
கீறி முடிந்தது. நகமும் கண்டத்தட்டும் ஏறக்குறைய ஒரே உயரமாக வந்திருக்கின்றன. மறுபடியும் பிழை விட்டோமா?

தெஹிவளை மாஸ்டர்:
இல்லை. தட்டு 1.58, நகம் 1.35, இரண்டும் 10⁻⁹தான். உங்கள் அளவிடையில் வித்தியாசம் 2 மி.மீ. அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தை அம்மா:
2 மி.மீ. சரியாக இருக்கிறது. நகப் பட்டைக்கு என் கியூடெக்ஸை எடுத்துப் பூசியிருக்கிறாள், காய்ந்ததும் படம் போடுகிறேன்.