நீஸ் முதல் மந்தோன் வரை: ரயில், நீச்சல், நடை – போய்வந்தவர்கள் சொல்வது

தென் பிரான்ஸில் நீஸ் முதல் மந்தோன் வரை கடலோரம் மட்டும் பார்க்கிற திட்டமென்றால் நீஸில் கார் எடுக்காதீர்கள். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடம் அது. சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சாலைகள் இருக்கின்றன. கடலை ஒட்டிய கீழ்ச்சாலை கோடையில் ஊர்ந்துதான் நகரும். போய்ச் சேர்ந்தாலும் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

அதற்குப் பதில் டிஇஆர் எனப்படும் வட்டார ரயில். நீஸ்வீல் ஸ்டேஷனில் ஏறினால் வில்ஃப்ரான்ஷ், போலியூ, எஸ், கேப் டாய், மொனாக்கோ, ரோக்புரூன், மந்தோன், கடைசியில் இத்தாலிக்குள் வென்டிமிலியா. வில்ஃப்ரான்ஷுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, மொனாக்கோவுக்கு 20–25 நிமிடம், மந்தோனுக்கு 40 நிமிடத்துக்குள். போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். மறுபக்கம் உட்கார்ந்தால் பாறைச்சுவர்தான் காட்சி. எல்லா ரயிலும் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. எஸ், கேப் டாய் போகிறவர்கள் பலகையில் நிறுத்தப் பட்டியலைப் படித்துவிட்டு ஏறவும்.

டிக்கெட்டை நீஸிலேயே போகவர இரண்டுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். சின்ன ஸ்டேஷன்களில் கவுண்டர் இருக்காது, மெஷின் இருந்தாலும் வரிசை நிற்கும். "மெஷின் வேலை செய்யவில்லை" என்று பரிசோதகரிடம் சொல்லி அபராதத்திலிருந்து தப்புவது கஷ்டம். காலை எட்டு மணி வாக்கிலும் மாலை ஐந்துக்கு மேலும் மொனாக்கோவில் வேலை பார்ப்பவர்கள் கூட்டம், நிற்கவே இடமிருக்காது. பிக்பாக்கெட்டும் அப்போதுதான்.

இத்தாலிக்கு எட்டிப்பார்த்துவிட்டு வருவதானால் (வென்டிமிலியாவில் வெள்ளிக்கிழமை பெரிய சந்தை) பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வரும் ரயிலில், எல்லை தாண்டியதும் வரும் மந்தோன்-கரவான் ஸ்டேஷனில் பிரெஞ்சு போலீஸ் ஏறிச் சோதிப்பது வழக்கம். ஷெங்கன் விசா இருந்தும் கையில் இல்லாவிட்டால் அங்கேயே இறக்கிவிடுவார்கள்.

* * *

ரயில் பற்றி மேலே சொன்னது போதும். கடலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான்.

நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது. முட்டை அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை சாம்பல் நிறக் கூழாங்கற்கள். வெறுங்காலோடு பத்தடி நடப்பதே வேதனை. வெயிலில் கல் சுடவும் செய்யும். ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி வாங்கிக்கொள்ளுங்கள், கடற்கரைக் கடைகளிலேயே கிடைக்கும். உட்கார வெறும் துண்டு போதாது, தடித்த ஃபோம் பாய் வேண்டும்.

கல்லைவிட முக்கியமானது ஆழம். மெரினா மாதிரி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குளிக்கலாம் என்று நினைத்து இறங்காதீர்கள். கரை செங்குத்தாக இறங்குகிறது. நாலைந்து எட்டு வைத்தால் கால் எட்டாது. நீந்தத் தெரியாதவர்களும் குழந்தைகளும் வில்ஃப்ரான்ஷுக்குப் போவதே நல்லது. ஸ்டேஷனுக்கு நேர் கீழே மரினியேர் கடற்கரை. பருமணல், கூடவே மூன்று பக்கமும் மலை மறைத்த விரிகுடா என்பதால் அலை குறைவு.

நீஸில் அலை அடிக்கிற நாளில் உள்ளே போவது எளிது, வெளியே வருவதுதான் பாடு. அலை கரையிலேயே உடைந்து, திரும்பும்போது கற்களையும் சேர்த்து இழுக்கும். அந்தக் கல் கணுக்காலில் மோதிக் கால் தடுமாறும். விழுந்தவரை அடுத்த அலை புரட்டும். வெளியே வரும் முறை இதுதான்: உடையும் இடத்துக்குச் சற்று வெளியே மிதந்தபடி அலைகளைக் கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டு ஓயும். அந்த ஓய்வில் ஒரு சின்ன அலையோடு கரைக்கு வந்து, கையையும் ஊன்றி, இழுப்பு தொடங்குவதற்குள் மேடேறிவிட வேண்டும். எழுந்து நின்று கடலுக்கு முதுகு காட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தால் அடி நிச்சயம்.

கொடிகளைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு தெரிந்ததுதான். ஊதாக்கொடி என்றால் தண்ணீர் மாசு, அல்லது ஆபத்தான உயிரினம், பெரும்பாலும் ஜெல்லிமீன். இந்தக் கரையில் வருவது இளஞ்சிவப்பு-ஊதா நிறத்தில் கையளவே இருக்கும் பெலாஜியா. கொட்டினால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் கொட்டணுக்கள் இன்னும் வெடிக்கும். கடல்நீரால் கழுவி, இழைகள் இருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு உயிர்காப்பாளர் கூடாரத்துக்குப் போங்கள்.

கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பித் தண்ணீர் சலசலக்கும். எனவே நீச்சல் காலையில். ஆகஸ்டில் தண்ணீர் 24–26 டிகிரி. மே மாதத்தில் வெயிலை நம்பி இறங்கினால் 17–18 டிகிரி, பல்லு தந்தியடிக்கும். கட்டில் குடை போட்டிருப்பது தனியார் பகுதி, காசு. இடையிடையே பொதுக் கடற்கரை இருக்கிறது, இலவசம்.

* * *

நடைக்காரர்களுக்கு. கேப் ஃபெரா தீபகற்பத்தை எந்தத் திசையில் சுற்றுவது என்பதில்தான் விஷயம். போலியூவில் இறங்கி, கடலோரத் தளமிட்ட பாதையில் சான் ஜான் வரை சமதளமாக நடக்கலாம். தள்ளுவண்டிக் குழந்தையோடும் போகலாம். அங்கிருந்து முனையைச் சுற்றும் பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர், நின்று பார்த்துப் போனால் இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைச் செதுக்கிப் போட்ட பாதை; நிழல் மிகக் குறைவு, வழியில் கடை கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் சான் ஜானிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கிழக்கே தொடங்கினால் முடிவில் மேற்கு நோக்கிய பஸாப்ல் கடற்கரை. மாலை வெயிலில் ஒரு முங்கு போட்டுவிட்டு வில்ஃப்ரான்ஷ் பக்கம் இறங்கலாம். அலை பெரிதான நாளில் பாதை மூடப்பட்டிருந்தால் தடுப்பைத் தாண்டாதீர்கள். வளைவுக்கு அப்பால் அலை பாதை மேலேயே ஏறுவது இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது.

கேப் மார்த்தானில் லெ கொர்புசியேயின் மரக்குடில் இருக்கிறது. சண்டிகர் நகரை வடிவமைத்த இந்தக் கட்டிடக் கலைஞர் தனக்கென்று கட்டிக்கொண்டது 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், உயரம் 2.26. 1952-இல் முடிந்தது. உள்ளே கட்டில், மேசை, கைகழுவும் தொட்டி, திரைக்குப் பின்னே கழிவறை, அடுப்படி இல்லை. பக்கத்து உணவகத்துக்குள் நேராகப் போக ஒரு கதவு, அவ்வளவுதான் அவருடைய சமையலறை. 1965-இல் கீழே உள்ள கடலில் நீந்தும்போதுதான் இறந்தார். எய்லீன் கிரே வடிவமைத்த E-1027 வீடும் ஒட்டியே இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள், முன்பதிவு அவசியம், கூடுமிடம் ரோக்புரூன் ஸ்டேஷன். பதிவில்லாமல் போனால் வேலிதான் பார்க்கலாம்.

மலைமேல் இருக்கும் எஸ் கிராமத்துக்கு ஏறும் நீட்சே பாதையில் கீழிருந்து மேலே போங்கள். சுமார் 400 மீட்டர் ஏற்றம், ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

* * *

எஸ் விஷயத்தில் உடன்பாடில்லை. எல்லோருக்கும் ஏற்றம் ஒத்துவராது. நீஸிலிருந்து 82 எண் பஸ் கிராமத்துக்கே போகிறது. மேலே உள்ள கள்ளிச்செடித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாதையில் இறங்கினால் நிம்மதி. நெஞ்சு படபடக்காது.

* * *

இறங்குவது நெஞ்சுக்கு நல்லது, முழங்காலுக்கு இல்லை. ஆட்கள் நடந்து நடந்து வழவழப்பான சுண்ணாம்புக்கல், மேலே உருளும் சரளை. மழை பெய்த மறுநாள் இறக்கம் சறுக்கும். இறங்கியே தீருவேன் என்றால் ஊன்றுகோலும் பிடிப்புள்ள ஷூவும் வேண்டும். செருப்போடு வேண்டாம்.

* * *

பரிஸிலயிருந்து டிஜிவி எண்ட அதிவேக ரயிலில வாற ஆக்களுக்கு: ஆறு மணித்தியாலம் அளவில எடுக்கும். மேல்தட்டில சீற் எடுங்கோ, சான் ரஃபாயேலுக்குப் பிறகு சிவப்புப் பாறையும் கடலும் வலப்பக்கம் வரும்.

சாப்பாட்டு விஷயத்தில சைவக்காரர் கவனம். நீஸ் சாப்பாட்டில நெத்தலி ஒளிஞ்சு கிடக்கும். பிஸலாதியேர் எண்டு வெங்காயம் போட்ட ரொட்டி, பார்க்க சைவம் மாதிரித்தான், ஆனா மேல நெத்தலி. பான் பன்யா எண்ட பாணுக்குள்ள ரூனா மீன். நீஸ் சலாட்டும் அப்பிடித்தான். பயமில்லாமச் சாப்பிடக்கூடியது சோக்கா: கொண்டல்கடலை மா, தண்ணி, ஒலிவ் எண்ணெய், உப்பு, வேற ஒண்டுமில்லை. பெரிய செப்புத்தட்டில ஊத்தி விறகு அடுப்பில வேகவைச்சு, சுரண்டி எடுத்து மிளகு தூவித் தருவினம். சூடு ஆறினால் தோல் மாதிரி இழுபடும், நிண்டு கொண்டே சாப்பிடுங்கோ.

வீட்டில செய்யிறதெண்டால் 250 கிராம் மாவுக்கு அரை லீற்றர் தண்ணி, மூண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு. ரெண்டு மணித்தியாலமாவது ஊறவேணும், இல்லாட்டி பச்சை மணம் போகாது. ஓவனை 250 பாகையில வைச்சு, தட்டையும் உள்ளுக்கு வைச்சே காய விடுங்கோ. ஆறின தட்டில ஊத்தினால் அடியில பிடிக்கும். தடிப்பு 2–3 மில்லிமீற்றர்தான். கூடினால் நடுவில களியாகும்.

பின்னேரம் மூண்டு மணிக்குப் போய் மத்தியானச் சாப்பாடு கேட்காதேங்கோ. ரெண்டு மணிக்கே கன இடங்களில குசினி மூடியிடும், திரும்ப ஏழு மணிக்குத்தான்.

* * *

மூடும் நாள்கள்: நீஸில் மத்தீஸ், ஷகால் மியூசியங்கள் செவ்வாய் விடுமுறை. அன்திப் ஊரில் பிக்காசோ மியூசியம் திங்கள் விடுமுறை. நீஸ் பழைய ஊர்ச் சந்தையில் திங்களன்று காய்கறியும் பூவும் இருக்காது, பழம்பொருள் கடைகள்தான். கோட்டைக் குன்றுக்கு (கோட்டை இப்போது இல்லை, 1706-இல் பதினான்காம் லூயி இடித்துத் தள்ளிவிட்டார்) கடற்கரைப் பக்கம் இலவச லிஃப்ட் இருக்கிறது. படம் எடுக்கிறவர்கள் காலையில் ஏறுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், வளைகுடா முழுக்க நீலமாக விழும். மதியத்துக்கு மேல் எதிர்வெயில். பகல் 12 மணிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்டால் ஓட வேண்டாம், தினமும் போடுவதுதான்.

* * *

நீருக்குள் முகக்கண்ணாடி போட்டுப் பார்க்க ஆசையிருந்தால் ஒரு நாளை கானுக்கு ஒதுக்குங்கள். படகில் கால் மணி நேரத்தில் சான் மார்கரித் தீவு. அதன் தென்கரைக்கு அருகே 2021-இல் ஆறு பெரிய முகச்சிலைகளைக் கடலடியில் இறக்கியிருக்கிறார்கள், ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் செய்தவை. கரையிலிருந்து 84 முதல் 132 மீட்டர், ஆழம் 3–5 மீட்டர்தான். மேலே மிதந்தபடியே தெரியும். அலை கலக்கினால் மங்கல், எனவே காற்றில்லாத காலை. துடுப்புக்காலணி எடுத்துப் போங்கள். துறையிலிருந்து தீவைக் குறுக்கே கடந்துதான் தென்கரைக்கு நடக்க வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் கானிலேயே வாங்கிவிடுங்கள்.

பக்கத்துத் தீவான சான் ஒனோராவுக்கு இங்கிருந்து படகு இல்லை. அது மடத்துத் துறவிகளின் தீவு, படகும் தனி, டிக்கெட்டும் தனி. கானுக்குத் திரும்பித்தான் போகவேண்டும். கடைசிப் படகின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், ஏறும்போதே கவுண்டரில் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.