கிரான் ஜாப் (குறிச்ச நேரத்துக்கு சர்வர் தானா ஓட்டுற வேலை) காலை வாரின அனுபவம் இருந்தா போடுங்க

சிம்மக்கல்_பைதான்:
மல்லிகைப்பூ விலையை எஸ்எம்எஸ்ல அனுப்புற ஜாப். மாட்டுத்தாவணி மார்க்கெட் விலை, விடிகாலை 4:30, திங்கள் முதல் சனி வரை. சர்வர் ஓடுறது யூடிசி நேரத்துல, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னாடி, அதனால முந்தின நாள் 23:00. இதுவரைக்கும் எல்லாரும் சரியாப் போட்டுருவாங்க. கிழமைக்கு 1-6-னு (கிரான்ல ஞாயிறு 0, திங்கள் 1, சனி 6) போட்டதுலதான் வினை. நமக்குத் திங்கள் 4:30, சர்வருக்கு ஞாயிறு ராத்திரி 11. திங்கக்கிழமை விலை போகவே போகாது. ஞாயித்துக்கிழமை காலையில, யாரும் புது விலை ஏத்தாத நேரத்துல, சனிக்கிழமை விலையே மறுபடி போய் நிக்கும். உசிலம்பட்டிப் பக்கம் அதை நம்பி ஒருத்தர் பூவைப் பறிச்சுட்டா யாரு பதில் சொல்றது? சரியான வரி (நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமைங்கிற வரிசையில): 0 23 * * 0-5

திருமங்கலம்_தம்பி:
எதுக்குண்ணே இந்தக் கழித்தல் கணக்கு? கிரான்டேப் (கிரான் வரிகளை எழுதி வைக்கிற ஃபைல்) தலையில கிரான்_டிஇசட் வரியில ஆசியா/கொல்கத்தான்னு போட்டா முடிஞ்சுது.

சிம்மக்கல்_பைதான்:
அது ரெட்ஹேட் வகை சர்வர்ல இருக்கிற குரோனிங்கிற கிரான்ல நடக்கும் தம்பி. உபுண்டு கிரான் அதைச் சும்மா ஒரு வேரியபிளா எடுத்துக்கிட்டுப் பழைய நேரத்துக்கே ஓடும், எர்ரர்கூட வராது. மொத்த சர்வர் நேரத்தையே மாத்தினாலும் கிரானை ரீஸ்டார்ட் பண்ணியாகணும்.

அனுப்பானடி_டிபிஏ:
ராத்திரி பேக்கப். ஃபைல் பேர்ல தேதி வரணும்னு கமாண்டுல சதவீதக் குறி. டெர்மினல்ல அருமையா ஓடுது, கிரான்ல ஃபைலே இல்ல. கிரான்டேப்ல சதவீதக் குறின்னா வரி அங்கேயே முறியும், மிச்சமெல்லாம் கமாண்டுக்கு இன்புட்டாப் போயிரும். ஒவ்வொரு குறிக்கு முன்னாடியும் பேக்ஸ்லாஷ் வேணும். அதைவிட, கமாண்டை ஒரு ஷெல் ஃபைல்ல எழுதி அதை மட்டும் கிரான்ல கூப்பிடுறது நிம்மதி.

கேக்காமலே இன்னொண்ணும் சொல்லிடுறேன். கிரானுக்கு உங்க டெர்மினலோட பாஷ் செட்டிங் எதுவும் தெரியாது. பாத் (கமாண்டைத் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) பெரும்பாலும் யூஎஸ்ஆர் பின், பின் ரெண்டுதான், ஷெல்லும் வெறும் எஸ்ஹெச். பைதான்ல எழுதின ஜாங்கோ ஆப்புன்னா விர்ச்சுவல்என்வ் (அந்த ஆப்புக்குன்னு தனியா வச்ச பைதான் ஃபோல்டர்) உள்ள இருக்கிற பைதானோட முழுப் பாதையைக் கொடுங்க, ஆக்டிவேட் பண்ண வேண்டியதில்ல. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கன்டெய்னரோட என்விரான்மென்ட்ல மட்டும் இருந்தா கிரான் கண்ணுக்கு அது படாது. ஸ்கிரிப்டே ஒரு ஃபைல்ல இருந்து படிக்கணும். முதல் வரியிலயே ஆப் ஃபோல்டருக்கு சிடி போடுங்க. அவுட்புட்டை டெவ்நல்லுக்கு (எழுதினதெல்லாம் காணாமப் போற இடம்) தள்ளாதீங்க, அது கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுறது. எர்ரரையும் சேர்த்து ஒரு லாக்ல விடுங்க, பழைய லாக்கைக் கழிக்கிற லாக்ரொட்டேட்டையும் மறக்காம.

மேலூர்_லாரவெல்:
5 நிமிஷத்துக்கு ஒருக்கா மெசேஜ் அனுப்புற ஜாப். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் லிஸ்ட் பெருத்து 8 நிமிஷம் ஓடுது. முதல் ஓட்டம் முடியுமுன்ன அடுத்தது கிளம்பி அதே வரிசையை எடுக்குது, ஒரே ஆளுக்கு ரெண்டு மெசேஜ். லாரவெல்ல வித்தவுட் ஓவர்லேப்பிங் (முந்தினது முடியாம அடுத்ததை ஓட விடாத பூட்டு) போட்டா நிக்கும்.

அனுப்பானடி_டிபிஏ:
நிக்கும்ணே, ஆனா மெமரி பத்தாம கெர்னல் அந்த ப்ராசஸைக் கொன்னுட்டா? பூட்டு லாரவெலோட தற்காலிக சேமிப்புலயே (கேஷ்) தங்கிரும். சும்மா விட்டா 1440 நிமிஷம், ஒரு நாள் முழுக்க மெசேஜ் கிடையாது. அடைப்புக்குள்ள 15-னு நிமிஷம் கொடுங்க. எஃப்லாக்ங்கிற லினக்ஸ் பூட்டு கமாண்டைப் போட்டா அந்தக் கவலையே இல்ல, ப்ராசஸ் செத்ததும் கெர்னலே பூட்டை விட்டுரும்.

திருமங்கலம்_தம்பி:
ரூட் (சர்வரோட அட்மின் யூசர்) கிரான்டேப்ல ஜாப். நடுராத்திரி புது லாக் ஃபைல் ரூட் பேர்லயே உருவாகி, வெப் சர்வரோட யூசரான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா அதுல எழுத முடியாம சைட் முழுக்க 500 எர்ரர். அந்த யூசரோட கிரான்டேப்லயே ஜாப்பைப் போடுங்க.